சுற்றுப்பயணத்துக்கு ஒரு டீசல் பிக்கப்: தேர்வு செய்வதற்கும் மேம்படுத்துவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிக்கப் வண்டி வாங்கிய மறுவாரமே கூரைக் கூடாரத்தையும் எல்.இ.டி. விளக்குப் பட்டையையும் பொருத்திவிட்டு, ஓராண்டுக்குள் பின்பக்கம் தொங்குகிறது, மழையில் பிரேக் பிடிக்கும்போது இழுக்கிறது என்று பணிமனைக்கு வருபவர்களைச் சென்னையில் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் வாங்கிய பொருள்களில் பெரும்பாலும் குறையில்லை. செய்த வரிசைதான் தவறு.

சரியான வரிசையில் பதிவும் நிறுத்துமிடமும் முதலில் வருகின்றன. அடுத்து எடைக் கணக்கு, அதன் பிறகே வண்டி. வண்டி வந்ததும் பராமரிப்பு, பின்னர் டயர், பிரேக், கமான் பட்டை (அச்சின் மேல் சுமையைத் தாங்கும் வில் பட்டைகள்), அதற்குப் பின் பின்பாடி (கேபினுக்குப் பின்னுள்ள சரக்குப் பகுதி), மின்சாரம், இறுதியாகச் சோதனைப் பயணம். இவற்றுள் ஒன்றை முன்னால் இழுத்தால் வேறொன்றை இரண்டு முறை செய்ய நேரும்.

1. எந்தப் பதிவு எண் பலகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வெள்ளைப் பலகையா மஞ்சள் பலகையா என்பது நிறம் பற்றிய கேள்வி அன்று. அந்த வண்டியை அடுத்த பதினைந்து ஆண்டுகள் எப்படி வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. சரக்கு வாகனமாகப் பதிவான வண்டி முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். வேறு மாநிலங்களுக்குள் நுழையும்போது வரி பற்றிய கேள்வியும், எங்கே சரக்கு என்ற கேள்வியும் எழும். குடும்பத்தோடு ஊர் சுற்ற நினைப்பவருக்குச் சொந்தப் பயன்பாட்டுப் பதிவே ஏற்றது.

ஆகவே விற்பனையாளரிடம் விலை கேட்கும் முன், அந்தக் குறிப்பிட்ட மாடலை, அந்தக் குறிப்பிட்ட வகையில், சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே சிங்கிள் கேபின் சரக்கு வாகனமாகவும், டபுள் கேபின் சொந்த வாகனமாகவும் பதிவாவது உண்டு. பழைய வண்டி என்றால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வாகன வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதே கடைசிச் சொல். மஞ்சளை வெள்ளையாக மாற்றித் தருகிறேன் என்ற தரகரின் வாக்குறுதியை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்தப் பதிவாக இருந்தாலும் பின்பாடியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் அவர்களுக்கு இடமிருக்காது.

2. நிறுத்துமிடத்தை அளந்துவிட்டு வண்டி பாருங்கள்

தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய இரண்டுமே ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளமானவை. அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் தூணுக்கும் சுவருக்கும் இடையில் இந்த 30 சென்டிமீட்டர்தான் அன்றாடச் சண்டைக்குக் காரணமாகிறது.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். வண்டியின் உயரத்தோடு கூரைச் சட்டம், அதன் மேல் கூடாரம் ஆகியவற்றைக் கூட்டினால் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். பல அடித்தள நிறுத்துமிடங்களின் குழாய்களும் விட்டங்களும் அந்த உயரத்திலேயே ஓடுகின்றன. திரும்பும் வட்டமும் பெரியது என்பதால், உங்கள் தெருமுனையில் ஒரே திருப்பலில் வண்டி நுழைகிறதா என்பதைச் சோதனை ஓட்டத்தின்போதே பார்த்துவிட வேண்டும்.

3. எடைக் கணக்கை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நிறுவனம் அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய எடை. இவ்விரு எண்களும் ஆர்.சி.யிலும், வண்டியின் தகட்டிலும், கையேட்டிலும் கிடைக்கும். ஓட்டுநரும் பயணிகளும் அந்த மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 220 கிலோ. பின்பாடியை மூடும் ஃபைபர் கேனோப்பி 70, கூரைக் கூடாரம் 60, பலகை டிராயர்கள் 60, தண்ணீர் 40 லிட்டர் கேனோடு 42, கூடுதல் பேட்டரி 15, ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் பொருள்களோடு 35, அடுப்பும் சிறிய சிலிண்டரும் 12, கருவிகளும் ஜாக்கியும் கயிறும் 40, படுக்கையும் துணியும் 50. கூட்டினால் 604 கிலோ. பார்வைக்குப் பெரிதாக எதுவும் ஏற்றவில்லை. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான பல டபுள் கேபின் வண்டிகளில், குறிப்பாக வசதிகள் கூடிய உயர்வகைகளில், அனுமதிக்கப்பட்ட அளவு இதைவிடக் குறைவு.

கணக்கு மீறினால் தண்ணீரையோ பிள்ளைகளையோ விட்டுச் செல்ல முடியாது. எனவே கூடாரமும் டிராயரும்தான் குறைய வேண்டும். தரையில் அடிக்கும் சாதாரணக் கூடாரம் ஐந்தாறு கிலோதான். 12 மி.மீ. தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், டிராயருக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை ராட்செட் பட்டையால் கட்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

4. எந்த வண்டி

இன்று புதிதாக வாங்குவதென்றால் சுற்றுப்பயணத்துக்கு ஏற்றவையாக இரண்டு பெயர்களே முன்னால் நிற்கின்றன. வி-கிராஸ் சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகிறது, 1.9 லிட்டர் டீசல் என்ஜின், 163 பி.எஸ்., 360 நியூட்டன் மீட்டர். இந்தியாவில் 2022-ல் வந்த ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 பி.எஸ்.; தானியங்கி கியரில் 500 நியூட்டன் மீட்டர் திறன் கொண்டது, விலையும் அதற்கேற்றபடி உயர்ந்தது. வி-கிராஸின் உடன்பிறப்பான ஹை-லேண்டர் பின்சக்கர இயக்கத்தில் மட்டும் வருகிறது.

நான்கு சக்கர இயக்கம் தேவையா என்பதற்கு உங்கள் பாதைகளே விடை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளும் தார்ச்சாலைகள். அவற்றுக்கு நல்ல டயரும் நல்ல பிரேக்கும் போதும். மழைக்காலத்தில் எஸ்டேட் மண்பாதைகளிலும் ஆற்று மணலிலும் செல்பவருக்கே நான்கு சக்கர இயக்கம் பயன் தரும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. இவ்வகை அமைப்பில் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால், வளைவுகளில் பல்சக்கரங்களும் தண்டுகளும் முறுக்கேறித் தேயும்.

குறைந்த செலவில் பழைய வண்டி தேடுபவர்களுக்கு டாடா ஸீனான் எக்ஸ்.டி., மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்-அவே (Getaway) ஆகியவை இன்னும் கிடைக்கின்றன. இவற்றுக்கு உற்பத்தி நின்றுவிட்டாலும் என்ஜின் பாகங்கள் எளிதாகவும், கதவு, கண்ணாடி, பின்விளக்கு போன்ற உடற்பாகங்கள் சிரமத்தோடும் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும் என்பது பாதி உண்மைதான். வண்டி வாங்கும் முன்பே அங்கு ஒருமுறை சென்று விசாரித்து வாருங்கள். பொலிரோ கேம்பர் எந்தக் கிராமத்திலும் பழுதுபார்க்கக்கூடிய வண்டி. ஆனால் 75 குதிரைத் திறனில் சுமையோடு மலையேறுவதற்குப் பொறுமை வேண்டும், பதிவும் பெரும்பாலும் சரக்கு வாகனமாகவே இருக்கும்.

5. பழைய வண்டியைச் சோதிக்கும் வரிசை

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் குறையும், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக்கின் குறையும் குளிர்ந்த என்ஜினில்தான் வெளிப்படும். புகை கறுப்பாக வந்தால் காற்றுக்கும் டீசலுக்கும் உள்ள விகிதம் கெட்டிருக்கிறது, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளையாக நீடித்தால் டீசல் எரியாமல் போகிறது அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது.

அடுத்து வெள்ளச் சோதனை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற வண்டிகள் நன்கு கழுவப்பட்டு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துக் கடைசி ஒரு முழத்தைப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். கால்மிதியின் கீழுள்ள கம்பளத்தைத் தூக்கி முகருங்கள். டேஷ்போர்டின் கீழுள்ள ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா, டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுவதே நல்லது, ஏனெனில் நீர் புகுந்த வயரிங் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு பாகமாகப் பழிவாங்கும்.

பிறகு வண்டியின் கீழே படுத்துச் சேஸிஸைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில் நின்ற வண்டிகளில் உப்புக் காற்றினால் சேஸிஸின் உட்புறம் துருப்பிடித்திருக்கும். புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்; உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். கேபினுக்கும் பின்பாடிக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இல்லையென்றால், மிகைச் சுமையால் சேஸிஸ் வளைந்திருக்கலாம்.

ஆர்.சி.யில் கடன் நீக்கம், நிலுவை அபராதங்கள், காப்பீட்டில் பெரிய இழப்பீடு வாங்கிய வரலாறு ஆகியவற்றை முன்பணம் கொடுக்கும் முன் சரிபாருங்கள். டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் மீதான கட்டுப்பாடு காரணமாக அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளில், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, மறுபதிவுச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

6. எதையும் பொருத்தும் முன் பராமரிப்பு

என்ஜின் ஆயில், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), இரு டிஃபரன்ஷியல்கள், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பெல்ட்டுகள் ஆகியவற்றை ஒரே முறையில் மாற்றித் தேதியை எழுதி வையுங்கள். பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும், இதற்குப் பிறகுதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. சென்னையின் ஈரக்காற்றில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதில் தாமதம் கூடாது, மலையிறக்கத்தில் அந்த ஈரம் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் நீரை வடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. வார நாள்களில் தியாகராய நகர் நெரிசலில் மட்டும் ஓடும் வண்டியில் அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பில்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அவ்வப்போது சீரான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் அடைப்பு குறையும். அந்த வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது சட்டமீறல் என்பதோடு, நாம் மூச்சுவிடும் தெருவில் அந்தக் கரியைக் கொட்டுவதும் ஆகும்.

7. டயர், பிரேக், கமான் பட்டை

மேம்படுத்தும் பணத்தில் முதல் ரூபாய் டயருக்கே போக வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2322 என்றால் 2022-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ஆழம் நிறைய இருந்தாலும் ரப்பர் வயதாகிவிட்டால் ஈரச்சாலையில் பிடிப்பு குறையும். நிறுவனம் அனுமதித்த அளவிலேயே, சுமைக் குறியீடு குறையாமல், ஏ.டி. வகை (தார், மண் இரண்டுக்கும் ஏற்ற) டயரை வாங்குங்கள். அகலமும் உயரமும் கூடிய டயர் பார்க்க மிடுக்காக இருந்தாலும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், காப்பீட்டில் கேள்வி எழும்.

பின்பாடி காலியாக இருக்கும்போது பிக்கப்பின் பின்சக்கரங்களில் எடை குறைவு. மழையில் அவை எளிதில் வழுக்கும். அதனால் தேய்ந்த டயர்களைப் பின்னால் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பின் டிரம் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனிங் அளவு பார்ப்பதும் இந்தப் படியிலேயே முடிய வேண்டும்.

கமான் பட்டையைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடுதல் பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட உயராது. அச்சு, பேரிங், சேஸிஸ், பிரேக் ஆகியவை பழையவையே. தொங்கல் மறைவதால் மிகைச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து. பட்டைகளுக்கு நடுவே காற்றுப்பை வைப்பது இன்னும் கவனம் வேண்டிய வேலை, ஏனெனில் சுமை முழுவதும் சேஸிஸின் ஒரே புள்ளியில் விழும். எடைக் கணக்கு சரியாக இருந்தும், நிரந்தரமாகக் கேனோப்பி ஏற்றுவதால் பின்புறம் சற்றுத் தாழ்கிறது என்றால் மட்டும், அந்த எடைக்கென்று வடிவமைத்த பட்டைத் தொகுப்பையும் அதற்கு ஒத்த ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுங்கள்.

8. பின்பாடியை மூடுதலும் அடுக்குதலும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே பின்பாடியை வெட்டுவதும் நிரந்தர வீடாகக் கட்டுவதும் வேண்டாம். வெல்டிங் இல்லாமல் கிளாம்பில் நிற்கும், கழற்றக்கூடிய கேனோப்பியைத் தேர்ந்தெடுத்து, அதையும் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பொருத்துங்கள்.

கேனோப்பி போட்ட பிறகு எல்லோரும் முதலில் சொல்லும் புகார் தூசி. வண்டியின் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம், பின்கதவின் இடுக்குகள் வழியாகத் தூசியை உள்ளே உறிஞ்சுகிறது. இடுக்கு முழுவதும் ரப்பர் பீடிங் ஒட்டி, கேனோப்பியின் முன்பக்கம் வடிகட்டியோடு ஒரு சிறு காற்றுவழி வைத்தால் உள்ளழுத்தம் கூடித் தூசி நின்றுவிடும்.

கனமானவை கேபினை ஒட்டியும் தரையோடும் இருக்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டீயரிங்கை லேசாக்கும். தண்ணீர் கேனின் இடம் கேபினின் முதுகுப்புறம்தான். சமையல் சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் கட்டி, ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். மூடிய கேனோப்பிக்குள் கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும்.

9. மின்சாரம்

ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் இரண்டாவது பேட்டரி வையுங்கள். அப்போதுதான் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்க மாட்டீர்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். அதே திறனுள்ள ஈய அமிலப் பேட்டரி அதைப்போல் இருமடங்குக்கு மேல். லித்தியம் பேட்டரியை என்ஜின் அறையின் வெப்பத்தில் வைக்காமல் கேபினிலோ பின்பாடியிலோ வையுங்கள். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால், நேரடி இணைப்பு போதாது, டி.சி.–டி.சி. சார்ஜர் வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு கம்பியின் தடிமனில். ஃபிரிட்ஜ் 10 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம் என்று கொள்வோம். போகவும் வரவும் 10 மீட்டர் தாமிரக் கம்பியில், 1.5 சதுர மி.மீ. என்றால் ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். ஃபிரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி அணைந்துவிடும். 6 சதுர மி.மீ. என்றால் இழப்பு 0.3 வோல்ட்தான். ஒவ்வொரு நேர்முனைக் கம்பியிலும், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான். அது தொலைவில் இருந்தால் இடைப்பட்ட கம்பி உரசி எரியும்போது தடுக்க எதுவும் இல்லை.

10. தள்ளி வைக்க வேண்டியவை

முன்புற இரும்புத் தடுப்பு வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது; அது நடந்து செல்பவருக்கு ஆபத்து, ஏர் பேக்கின் உணர்விக்கும் குழப்பம். சென்னை வெள்ளத்துக்காக ஸ்நோர்க்கெல் (என்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) கேட்பவர்கள் முதலில் அச்சுகளின் மூச்சுக்குழாயை உயரத்துக்கு நீட்டட்டும், ஏனெனில் நீர் முதலில் புகும் வழிகளில் அதுவும் ஒன்று. என்ஜின் திறனைக் கூட்டும் ரீமேப், உத்தரவாதத்தையும் கிளட்சையும் ஒருசேரத் தின்றுவிடும்.

11. எடை மேடையும் சோதனைப் பயணமும்

எல்லாவற்றையும் ஏற்றி, டேங்க் நிரப்பி, குடும்பத்தோடு மாதவரம் அல்லது மணலிப் பக்கமுள்ள எடை மேடைக்குச் செல்லுங்கள். முழு வண்டியை ஒருமுறையும், பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறையும் எடை போட்டு, இரண்டு எண்களையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். மீறினால் அங்கேயே இறக்குவதற்குப் பட்டியல் போடுங்கள்.

பிறகு ஏலகிரி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமும் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே பயணத்தில் கிடைப்பதால், புதுச்சேரிச் சமவெளிச் சாலையைவிட இது நல்ல சோதனை. ஏறும்போது வெப்பமுள்ளைக் கவனியுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்கி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். கீழே வந்ததும் சக்கரங்களின் அருகே கை நீட்டினால் நான்கிலும் வெப்பம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீடு திரும்பியதும், கமான் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் நட்டுகள், சக்கர நட்டுகள், கேனோப்பிக் கிளாம்புகள் ஆகியவற்றைக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு மீண்டும் முறுக்குங்கள். புதிதாகப் பொருத்தியவை முதல் சுமைப் பயணத்தில் அமர்ந்து இறுக்கம் குறையும். அதே நாளில், பெட்டிகளில் திறக்கப்படாமலே திரும்பி வந்த பொருள்களை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு எடைப் பட்டியலைத் திருத்துங்கள்.